சிஎஸ்வி கோப்பை டேட்டாபேஸில் மொத்தமாக ஏற்றுவது எப்படி: முதல் முறை செய்பவர்களுக்கு

சென்னையில் ஐடி நிறுவனங்கள் நிறைந்த ஓஎம்ஆர் சாலைப் பக்கம் ஏதாவது ஓர் அலுவலகத்தில் டேட்டாபேஸ் வேலைக்குச் சேர்ந்தால், சீக்கிரமே இந்த வேலை உங்கள் மேசைக்கு வந்துவிடும். மெயிலில் ஒரு சிஎஸ்வி கோப்பு, அதாவது மதிப்புகளைக் கமா போன்ற குறியால் பிரித்து எழுதிய வெறும் எழுத்துக் கோப்பு. கூடவே, "இதை டேபிள்ல ஏத்திடுங்க" என்று ஒரு வரி. தேதி எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது, தமிழ்ப் பெயர்கள் எந்த என்கோடிங்கில் (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) இருக்கின்றன, காலியாக விட்ட இடத்துக்கு என்ன பொருள் என்பதெல்லாம் அந்த மெயிலில் இருக்காது. அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. ஏற்றும் கட்டளை கடைசியில் ஒரு வரிதான்.

ஒவ்வொரு வரிக்கும் ஓர் இன்செர்ட் (ஒரு வரியைச் சேர்க்கும் எஸ்க்யூஎல் கட்டளை) எழுதியும் ஏற்றலாம். சில நூறு வரிகளுக்கு அது போதும். லட்சக்கணக்கில் போகும்போது, ஆட்டோகமிட் இயங்கிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு இன்செர்ட்டும் தனித்தனியாக டிஸ்கில் எழுதி உறுதிசெய்யப்படும். நேரமெல்லாம் அங்கேதான் போகும். அதனால் ஒவ்வொரு டேட்டாபேஸும் இதற்கென்று தனி வழி வைத்திருக்கிறது: போஸ்ட்கிரெஸில் காப்பி, மைஎஸ்க்யூஎல்லில் லோடு டேட்டா, ஆரக்கிளில் எஸ்க்யூஎல் லோடர், எஸ்க்யூஎல் சர்வரில் பல்க் இன்செர்ட்டும் பிசிபியும்.

இவை எதுவும் உங்கள் கோப்பைப் பார்த்து யோசிக்காது. கோப்பு இப்படி இருக்கிறது என்று நீங்கள் அறிவித்தால், அறிவித்தபடியே படிக்கும். தவறாக அறிவித்தால் சில சமயம் பிழை வந்து நிற்கும், அது நல்லது. பல சமயம் பிழையே வராமல் தவறான தரவு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த இரண்டாவது நிலைமை வராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான்.

எடுத்துக்காட்டுக்கு, வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் தண்ணீர் கேன் போடும் ஓர் ஏஜென்சியின் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துக்கொள்வோம். எட்டு ஃபீல்டுகள்: வாடிக்கையாளர் எண், பெயர், கதவு எண், முகவரி, பின்கோடு, போன், கேன் டெபாசிட், சேர்ந்த தேதி. இரண்டு வரி மாதிரி:

101,கௌரி,5/12,"2-வது குறுக்குத் தெரு, விஜயநகர், வேளச்சேரி",600042,,"1,500",05/06/2024
102,முருகன்,18/3,"""அம்மன் இல்லம்"", ராம் நகர், மடிப்பாக்கம்",600091,"",750,17/06/2024

கட்டளைப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்துதான்.

முதலில், எக்செல்லில் திறந்து சேமிக்காதீர்கள்

சிஎஸ்வி கோப்பை இருமுறை கிளிக் செய்தால் எக்செல் திறந்துகொள்ளும். திறந்து பார்ப்பதால் மட்டும் கோப்பு மாறாது. ஆனால் பார்த்துவிட்டு மூடும்போது 'சேமிக்கவா' என்று கேட்கும், கை பழக்கத்தில் சரி என்று அழுத்தும். அதோடு தரவு கெட்டது.

சென்னை முகவரிகளில் இது குறிப்பாகப் பெரிய தொல்லை. இங்கே பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண்கள் உண்டு. 5/12 என்று சாய்கோடு போட்டு எழுதுவது வழக்கம். எக்செல்லுக்கு அது தேதி. கணினி இந்திய அமைப்பில் இருந்தால் டிசம்பர் 5 ஆகும், அமெரிக்க அமைப்பில் இருந்தால் மே 12 ஆகும். 118/42 மாதிரி எண்களைத் தேதியாகக் கொள்ள முடியாததால் அவை அப்படியே இருக்கும். ஆக, ஒரே நெடுவரிசையில் சில வீடுகள் மட்டும் தேதியாக மாறியிருக்கும், மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணில் படாது.

அடுத்தது போன் எண். 044 என்று தொடங்கும் லேண்ட்லைன் எண்ணை இடையில் கோடில்லாமல் எழுதியிருந்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும். 91 சேர்த்த 12 இலக்க மொபைல் எண் 9.19841இ+11 போன்ற வடிவத்தில் தெரியும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது எக்செல் திரையில் தெரிவதைத்தான் எழுதுகிறது. கடைசி இலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விடும். ஆதாரும் 12 இலக்கம் என்பதை நினைவில் வையுங்கள்.

தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொரு ஆபத்து. சேமிக்கும் வகைகளில் வெறும் 'சிஎஸ்வி' என்று ஒன்று இருக்கிறது, 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று ஒன்று இருக்கிறது. முதலாவதைத் தேர்ந்தால் கௌரியும் முருகனும் கேள்விக்குறிகளாக மாறிவிடுவார்கள். அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து பெயரை மீட்க எந்த வழியும் இல்லை.

பிறகு எப்படிப் பார்ப்பது? லினக்ஸ், மேக் என்றால் டெர்மினலில் ஹெட் கட்டளையால் முதல் சில வரிகள், டெயில் கட்டளையால் கடைசிச் சில வரிகள். டெயிலை விட்டுவிடாதீர்கள். பில்லிங் மென்பொருள்களிலிருந்து எடுத்த கோப்புகளின் அடியில் 'மொத்தம்' என்று ஒரு கூட்டல் வரி இருப்பது சகஜம். அது வாடிக்கையாளராக உள்ளே போய்விடும். விண்டோஸில் விஎஸ் கோடு அல்லது நோட்பேட் பிளஸ் பிளஸ் போதும். இரண்டுமே அடிப்பட்டையில் என்கோடிங்கையும் வரி முடிவு வகையையும் காட்டும். மூலக் கோப்பை ரீட்-ஒன்லி ஆக்கிவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள்.

கோப்பிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஏற்றும் கருவி எதுவானாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் தொடங்கக் கூடாது. பதில்களைக் கோப்பின் பக்கத்திலேயே ஒரு சிறு குறிப்பாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபீல்டுகளைப் பிரிப்பது எது? கமாவா, டேபா, குத்துக்கோடா? நம் ஊர் முகவரியில் கமா இல்லாத வரியே கிடையாது. அதனால் கோப்பைத் தயாரிப்பவரோடு பேச வாய்ப்பிருந்தால் டேபோ குத்துக்கோடோ கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பரவாயில்லை, டபுள் கோட் சரியாகப் போட்டிருந்தால் கமாவும் வேலை செய்யும். 2005-இல் வெளியான ஆர்எஃப்சி 4180 சிஎஸ்வியின் பொதுவான நடைமுறையை எழுதி வைத்திருக்கிறது: கமா, டபுள் கோட், வரி முறிவு உள்ள ஃபீல்டை டபுள் கோட்டுக்குள் வைக்க வேண்டும், உள்ளே டபுள் கோட் வந்தால் இரட்டிப்பாக எழுத வேண்டும். மேலே 102-ஆம் வரியில் 'அம்மன் இல்லம்' எழுதப்பட்டிருப்பது அந்த முறையில்தான். சில மென்பொருள்கள் இரட்டிப்பதற்குப் பதிலாக முன்னால் பேக்ஸ்லாஷ் போடும். எது என்று பார்த்துச் சொல்வது உங்கள் பொறுப்பு.

வரி எப்படி முடிகிறது? விண்டோஸ் கோப்பில் வரி முடிவுக்கு இரண்டு குறிகள், லினக்ஸில் ஒன்று. போஸ்ட்கிரெஸின் காப்பி இதைத் தானே கண்டுகொள்ளும், கோப்பு முழுக்க ஒரே மாதிரி இருந்தால் போதும். மைஎஸ்க்யூஎல்லில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விண்டோஸ் கோப்பின் ஒவ்வொரு வரியிலும் கடைசி ஃபீல்டின் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். கடைசி ஃபீல்டு பின்கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்: திரையில் 600042 என்றுதான் தெரியும், ஆனால் 600042 என்று தேடினால் ஒரு வரியும் வராது.

தலைப்பு வரி இருக்கிறதா? இருந்தால் அதைத் தாண்டச் சொல்ல வேண்டும். அதோடு தலைப்பின் வரிசையும் டேபிளின் வரிசையும் ஒன்றுதானா என்று பாருங்கள். பெரும்பாலான கருவிகள் தலைப்பைப் படிக்காமல் தாண்டிவிடும், பெயர் பார்த்துப் பொருத்தாது. பின்கோடும் டெபாசிட்டும் இடம் மாறியிருந்தால் இரண்டும் எண்கள்தான், பிழை வராது.

காலிக்கு என்ன பொருள்?

இதற்குத் தனித் தலைப்பு தேவை, புதிதாக வருபவர்கள் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். 101-ஆம் வரியில் போன் இடத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டு கமா அடுத்தடுத்து. 102-இல் வெறும் டபுள் கோட் ஜோடி. இரண்டும் ஒன்றா?

போஸ்ட்கிரெஸின் சிஎஸ்வி முறையில் ஒன்றல்ல. முதலாவது 'நல்', அதாவது மதிப்பு தெரியாது. இரண்டாவது வெற்றுச் சரம், அதாவது மதிப்பு தெரியும், அது காலி. பிறகு 'போன் இல்லாதவர்கள்' என்று 'இஸ் நல்' போட்டுத் தேடினால் கௌரி வருவார், முருகன் வரமாட்டார். இரண்டையும் ஒன்றாகக் கொள்ள வேண்டுமானால் 'ஃபோர்ஸ்_நல்' என்ற விருப்பத்தில் அந்த நெடுவரிசையைக் குறிப்பிடுங்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் எழுத்து நெடுவரிசைக்கு வரும் காலி ஃபீல்டு வெற்றுச் சரமாகத்தான் போகும். 'நல்' வேண்டுமானால் கோப்பில் பேக்ஸ்லாஷும் அதை ஒட்டி ஆங்கிலப் பெரிய எழுத்து 'என்'னும் இருக்க வேண்டும், அல்லது ஏற்றும்போது 'நல்இஃப்' மூலம் மாற்ற வேண்டும். ஆரக்கிளில் இந்தப் பேச்சே இல்லை, அங்கே வெற்றுச் சரமும் 'நல்'லும் ஒன்றுதான். எஸ்க்யூஎல் சர்வரின் பல்க் இன்செர்ட்டோ, அந்த நெடுவரிசைக்கு ஒரு டிஃபால்ட் மதிப்பு இருந்தால் காலி இடத்தில் அதைப் போட்டுவிடும். வேண்டாம் என்றால் 'கீப்நல்ஸ்' சொல்ல வேண்டும்.

இது போதாதென்று மனிதர்கள் எழுதும் காலிகள் வேறு: ஒற்றைக் கோடு, 'இல்லை', 'என்ஏ', 0, 9999999999. இவற்றை எந்தக் கருவியும் அறியாது. ஸ்டேஜிங்கில், அதாவது பிறகு விளக்கப்போகும் தற்காலிக டேபிளில், போட்டு எண்ணிப் பார்த்துத்தான் பிடிக்க முடியும்.

தமிழ் எழுத்துகள்

உங்கள் கோப்பில் தமிழ் இருந்தால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது இருக்காது.

கோப்பு யுடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும், ஏற்றும் கட்டளையிலும் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சர்வரோ கிளையன்டோ தன் வழக்கமான என்கோடிங்கை எடுத்துக்கொள்ளும்.

யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். உயிர்மெய் எழுத்து பெரும்பாலும் இரண்டு குறிகள்: 'மு' என்பது ம, அதோடு உகரக் குறி. ஆகவே கண்ணுக்கு ஓர் எழுத்து, டேட்டாபேஸுக்கு 6 பைட். ஆரக்கிளில் வார்சார்2(30) என்று டேபிள் செய்தால், வழக்கமான அமைப்பில் அந்த 30 என்பது பைட் கணக்கு. பத்துக் குறிகளோடு இடம் முடிந்துவிடும். 'முத்துலட்சுமி' என்ற பெயருக்கே 13 குறிகள், 39 பைட். டேபிள் செய்யும்போது 30 சார் என்று குறிப்பிட்டால் குறிக் கணக்கு வரும்.

எஸ்க்யூஎல் லோடரில் இன்னொரு எல்லையும் உண்டு. தரவின் அமைப்பை அதற்குச் சொல்லும் கன்ட்ரோல் கோப்பில் ஃபீல்டின் நீளத்தைச் சொல்லாமல் விட்டால் 255 பைட் என்று எடுத்துக்கொள்ளும். தமிழில் அது 85 குறிகள்தான். நீளமான முகவரி அதைத் தாண்டினால், டேபிளில் இடம் இருந்தாலும் வரி நிராகரிக்கப்படும். முகவரி ஃபீல்டுக்கு சார்(2000) என்று கன்ட்ரோல் கோப்பிலேயே எழுதுங்கள்.

எக்செல்லின் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற மூன்று பைட் குறி ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். தலைப்பு வரி இல்லாத கோப்பாக இருந்தால் அது முதல் வாடிக்கையாளர் எண்ணோடு ஒட்டிக்கொண்டு, 'இது எண் இல்லை' என்று பிழை வரும். திரையில் பார்த்தால் 101 என்று தெளிவாகத் தெரியும். பைத்தானில் 'யுடிஎஃப்-8-சிக்' என்ற என்கோடிங்கில் வாசித்து, சாதாரண யுடிஎஃப்-8-இல் திரும்ப எழுதினால் குறி போய்விடும்.

பழைய கணினிகளிலிருந்து வரும் பட்டியல்களில் பாமினி போன்ற எழுத்துரு முறைகளும், 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் முறைகளும் இன்னமும் எதிர்ப்படலாம். பாமினியில் தட்டியது வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத்தான் கோப்பில் இருக்கும். டேட்டாபேஸ் அதை முழுச் சம்மதத்தோடு ஏற்றுக்கொள்ளும். பெயர் நெடுவரிசையில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கொத்துகள் தெரிந்தால் அதுதான் விஷயம். ஏற்றுவதற்கு முன்பே யுனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, ஒரே மாதிரி தெரியும் இரண்டு எழுத்துகள். 'கொ'வை ஒரே ஒகரக் குறியோடு எழுதலாம். எகரக் குறியும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். பார்வைக்கு வேறுபாடில்லை, ஒப்பிட்டால் வேறு வேறு. இதை என்எஃப்சி என்ற யுனிகோடு இயல்பாக்கம் சரிசெய்துவிடும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் 'நார்மலைஸ்' என்ற செயல்பாடே இருக்கிறது. ஆனால் 'கௌரி'யை 'கெளரி' என்று, அதாவது ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் குறியும் ளகரமும் போட்டு அடித்திருந்தால் எந்த இயல்பாக்கமும் உதவாது. டேட்டாபேஸைப் பொறுத்தவரை அது வேறு எழுத்துகளால் ஆன வேறு சொல். இப்படிப்பட்ட பெயர்களை ஒரு பட்டியலாகத் தேடி எடுத்து மாற்ற வேண்டியதுதான்.

நேராக உண்மையான டேபிளில் ஏற்றாதீர்கள்

ஒரு ஸ்டேஜிங் டேபிள் செய்யுங்கள். அதில் எல்லா நெடுவரிசைகளும் வெறும் டெக்ஸ்ட். தேதியும் டெக்ஸ்ட், டெபாசிட்டும் டெக்ஸ்ட். பிரைமரி கீ (வரியைத் தனித்து அடையாளம் காட்டுவது), ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டுவது), 'நாட் நல்' (காலி கூடாது என்ற விதி) எதுவும் வேண்டாம். கூடுதலாக இரண்டு நெடுவரிசைகள் மட்டும்: கோப்பின் பெயர், ஏற்றிய தொகுதி எண்.

காரணம் எளிது. 17/06/2024 என்பதை நேராகத் தேதி நெடுவரிசையில் ஏற்றினால், சர்வர் மாதம்-நாள் வரிசையில் இருக்கும்பட்சத்தில் 17-ஆம் மாதம் என்று சொல்லிப் பிழை தரும். பரவாயில்லை, தெரிந்துவிட்டது. ஆனால் 05/06/2024-ஐ மே 6 என்று எடுத்துக்கொண்டு பேசாமல் போகும். கௌரி ஜூன் 5 அன்று சேர்ந்தவர். டெக்ஸ்ட்டாக ஏற்றிவிட்டால் இந்த முடிவை நீங்கள் எடுக்கிறீர்கள், கணினி எடுப்பதில்லை. இரண்டாவது நன்மை, அழுக்கான தரவை எஸ்க்யூஎல்லாலேயே ஆராயலாம். கோப்பைக் கையால் திருத்த வேண்டிய அவசியம் வராது. கையால் திருத்தினால் எங்கே என்ன மாற்றினோம் என்பதற்குச் சாட்சி இருக்காது. எஸ்க்யூஎல்லில் செய்தால் அது எழுத்தில் இருக்கும்.

ஏற்றும் கட்டளை

போஸ்ட்கிரெஸில் இரண்டு காப்பி இருக்கின்றன. சாதாரண 'காப்பி' சர்வரில் இருக்கும் கோப்பைப் படிக்கும்; அதற்குத் தனி அனுமதி வேண்டும். உங்கள் லேப்டாப்பில் இருக்கும் கோப்பு என்றால், போஸ்ட்கிரெஸின் கட்டளை வரிக் கருவியான பிஎஸ்க்யூஎல்லுக்குள் பேக்ஸ்லாஷோடு தொடங்கும் காப்பியைப் பயன்படுத்துங்கள்:

\காப்பி கேன்_ஸ்டேஜிங் (எண், பெயர், கதவு, முகவரி, பின்கோடு, போன், டெபாசிட், தேதி) ஃப்ரம் 'வாடிக்கையாளர்.சிஎஸ்வி' வித் (ஃபார்மட் சிஎஸ்வி, ஹெடர் மேட்ச், என்கோடிங் 'யுடிஎஃப்8')

முழுவதும் ஒரே வரியில் இருக்க வேண்டும், நடுவில் என்டர் தட்டினால் வேலை செய்யாது. 'ஹெடர் மேட்ச்' போஸ்ட்கிரெஸ் 15-இல் வந்தது. கோப்பின் தலைப்புப் பெயர்களும் நீங்கள் கொடுத்த நெடுவரிசைப் பெயர்களும் வரிசையோடு பொருந்தாவிட்டால் தொடக்கத்திலேயே நிறுத்திவிடும். பழைய பதிப்பென்றால் 'ஹெடர் ட்ரூ' என்று எழுதிவிட்டு வரிசையை நீங்களே சரிபாருங்கள். மேலே சொன்ன பிஓஎம் குறி இருந்தால் இந்த மேட்ச் தோற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு வரியில் பிழை இருந்தாலும் காப்பி முழுவதையும் திரும்பப் பெற்றுவிடும். பிழைச் செய்தியில் எத்தனையாவது வரி என்று எண் இருக்கும். 'எக்ஸ்ட்ரா டேட்டா ஆஃப்டர் லாஸ்ட் எக்ஸ்பெக்டட் காலம்' என்று வந்தால் பெரும்பாலும் முகவரியில் டபுள் கோட் இல்லாத கமா. போஸ்ட்கிரெஸ் 17-இல் 'ஆன்_எரர் இக்னோர்' வந்திருக்கிறது. தரவு வகை பொருந்தாத வரிகளைத் தாண்டிவிடும். எல்லாமே டெக்ஸ்ட்டாக இருக்கும் ஸ்டேஜிங்கில் அதற்கு வேலை குறைவு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், நிற்கும் இடத்தில் நின்று காரணத்தைப் பார்ப்பதே மேல்.

மைஎஸ்க்யூஎல்லின் லோடு டேட்டா எதுவும் சொல்லாவிட்டால் டேபைத்தான் எதிர்பார்க்கும். ஆகவே 'ஃபீல்ட்ஸ் டெர்மினேட்டட் பை' கமா, 'ஆப்ஷனலி என்க்ளோஸ்ட் பை' டபுள் கோட், 'லைன்ஸ் டெர்மினேட்டட் பை' கோப்பின் வரி முடிவு, 'இக்னோர் 1 லைன்ஸ்', 'கேரக்டர் செட் யுடிஎஃப்8எம்பி4' என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பேக்ஸ்லாஷ் அங்கே தப்பிப்புக் குறி; முகவரியில் யாராவது பேக்ஸ்லாஷ் போட்டிருந்தால் காணாமல் போகும், வேண்டாமென்றால் 'எஸ்கேப்ட் பை' என்பதைக் காலியாக விடுங்கள். உங்கள் கணினியில் உள்ள கோப்புக்கு 'லோக்கல்' சேர்க்க வேண்டும். 8.0 பதிப்பிலிருந்து 'லோக்கல்_இன்ஃபைல்' சர்வரில் அணைத்தே வரும், கிளையன்டிலும் சர்வரிலும் இயக்க வேண்டியிருக்கும். சர்வர் கோப்பு என்றால் 'செக்யூர்_ஃபைல்_பிரிவ்' காட்டும் ஃபோல்டரில் வைத்தால்தான் படிக்கும். இன்னொன்று, லோக்கலில் ஏற்றும்போது பல பிழைகள் வெறும் எச்சரிக்கைகளாக மாறிவிடும். கட்டளை முடிந்த அடுத்த நொடி 'ஷோ வார்னிங்ஸ்' போடுங்கள். தள்ளிப்போட்டு வேறு கட்டளை கொடுத்தால் அந்தப் பட்டியல் போய்விடும்.

ஆரக்கிளில் மேலே சொன்ன குறிப்புத்தாளே கன்ட்ரோல் கோப்பாக இருக்கிறது: எந்தக் கோப்பு, எந்தக் கேரக்டர் செட், எந்த டேபிள், ஃபீல்டுகள் எப்படிப் பிரிகின்றன. கடைசி ஃபீல்டுகள் இல்லாத வரிகள் இருந்தால் 'டிரெய்லிங் நல்கால்ஸ்' சேருங்கள். நிராகரித்த வரிகள் பேட் கோப்பில் அப்படியே கிடைக்கும், காரணம் லாக் கோப்பில் இருக்கும். வழக்கமான அமைப்பில் 50 பிழைக்கு மேல் போனால் நின்றுவிடும்.

எஸ்க்யூஎல் சர்வரில் யுடிஎஃப்-8 கோப்புக்கு 'கோட்பேஜ் 65001' வேண்டும், இது 2016 பதிப்பு முதல். டபுள் கோட்டுக்குள் கமா உள்ள கோப்பைச் சரியாகப் படிக்க 'ஃபார்மட் சிஎஸ்வி' 2017-இல்தான் வந்தது. தமிழ் நெடுவரிசைகள் என்வார்சாராக இருக்கட்டும்.

ஸ்டேஜிங்கிலிருந்து உண்மையான டேபிளுக்கு

முதலில் எண்ணிக்கை. கோப்பில் எத்தனை வரி, ஸ்டேஜிங்கில் எத்தனை வரி? டபிள்யூசி கட்டளை வரி முறிவுகளை எண்ணும், பதிவுகளை அல்ல. முகவரிக்குள் யாராவது என்டர் தட்டியிருந்தால் எண்ணிக்கை கூடும், கடைசி வரிக்கு முடிவுக்குறி இல்லையென்றால் ஒன்று குறையும். இரண்டு எண்களும் ஒத்துப்போகாவிட்டால் காரணம் தெரியும்வரை நகராதீர்கள். எண்ணிக்கையோடு டெபாசிட்டின் மொத்தத் தொகையையும் கோப்பு அனுப்பியவரிடம் கேட்டு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்து நெடுவரிசை இடம் மாறியிருந்தால், தொகைதான் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் தேதி. தேதியின் முதல் பகுதி 12-க்கு மேல் உள்ள வரிகள் எத்தனை, இரண்டாம் பகுதி 12-க்கு மேல் உள்ளவை எத்தனை என்று எண்ணுங்கள். முதல் வகை மட்டும் இருந்தால் நாள்-மாதம் வரிசை. இரண்டும் இருந்தால் இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதிய கோப்பு அது, அனுப்பியவரைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாது. தெரிந்த பிறகு போஸ்ட்கிரெஸில் 'டூ_டேட்', மைஎஸ்க்யூஎல்லில் 'எஸ்டிஆர்_டூ_டேட்' கொண்டு வடிவத்தைச் சொல்லி மாற்றுங்கள்.

1,500 என்ற தொகையில் கமாவை நீக்கிவிட்டு எண்ணாக்க வேண்டும், ரூபாய்க் குறி இருந்தால் அதையும். பின்கோட்டை எண்ணாக அல்ல, ஆறு எழுத்துள்ள சரமாக வையுங்கள்; 600 042 என்று இடைவெளி விட்டும் எழுதுவார்கள், இடைவெளியை நீக்கிவிட்டு ஆறு இலக்கமா என்று பாருங்கள். 'எல்லாம் 600-இல் தொடங்க வேண்டும்' என்று விதி எழுதிவிடாதீர்கள். ஓஎம்ஆரில் கேளம்பாக்கம், சிறுசேரி வரை கேன் போகிறது என்றால் 603103 வரும்.

பெயரின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை 'ட்ரிம்' எடுத்துவிடும். ஆனால் வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த பெயரில் உடையாத இடைவெளி என்ற வேறு குறி இருக்கலாம். அது ட்ரிம்முக்கு அகப்படாது, தனியாக ரீப்ளேஸ் செய்ய வேண்டும்.

டேபிள்களை ஏற்றும் வரிசையும் முக்கியம். வாடிக்கையாளரை மாநகராட்சி வார்டோடு இணைக்கிறீர்கள் என்றால், பெருநகர சென்னை மாநகராட்சியின் மண்டலங்கள் முதலில், பிறகு 200 வார்டுகள், அதன் பிறகுதான் வாடிக்கையாளர்கள். தாய் டேபிள் காலியாக இருக்கும்போது பிள்ளை டேபிளை ஏற்றினால் ஃபாரின் கீ தடுக்கும். பகுதிப் பெயரை வைத்து இணைக்க முயலாதீர்கள், தி.நகர், டி.நகர், தியாகராய நகர் மூன்றும் ஒரே கோப்பில் வரும். அதற்கென ஒரு மாற்றுப் பெயர் டேபிள் வைத்து, எல்லா வடிவங்களும் ஒரே குறியீட்டுக்குப் போகும்படி செய்யுங்கள்.

இந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் இருக்கட்டும், அதாவது நடந்தால் முழுவதும் நடக்கும், இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. தேறாத வரிகளைத் தூக்கி எறியாமல், காரணத்தோடு ஒரு தனி டேபிளில் போடுங்கள். அனுப்பியவரிடம் திருப்பிக் கேட்க அந்தப் பட்டியல் வேண்டும்.

வேகம் பற்றிக் கொஞ்சம்

சில லட்சம் வரிகள் வரை இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதற்கு மேல் போனால், காலி டேபிளில் முதலில் தரவை ஏற்றிவிட்டு, தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸைப் பிறகு உருவாக்குவது வேகம். முடிந்ததும் போஸ்ட்கிரெஸில் 'அனலைஸ்' ஓட்டுங்கள்; இல்லாவிட்டால் புதிய தரவைப் பற்றித் தெரியாமல் மோசமான திட்டங்களைத் தேர்ந்தெடுக்கும்.

வேகத்துக்காகச் சோதனைகளை அணைக்கும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் 'ஃபாரின்_கீ_செக்ஸ்' அணைத்து ஏற்றிவிட்டு மறுபடி இயக்கினால், இடையில் ஏறிய வரிகளை அது திரும்பச் சோதிக்காது. எஸ்க்யூஎல் சர்வரின் பல்க் இன்செர்ட் 'செக்_கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்' என்று நீங்கள் கேட்காவிட்டால் ஃபாரின் கீயைப் பார்க்கவே பார்க்காது. ஆரக்கிளின் டைரக்ட் பாத் முறையும் ஃபாரின் கீயை ஏற்றும் நேரத்துக்கு முடக்கிவிடும். எந்த முறையில் ஏற்றினாலும், தாய் இல்லாத பிள்ளை வரிகள் இருக்கின்றனவா என்று ஒரு வினவல் ஓட்டிப் பாருங்கள்.

அடுத்த மாதம் அதே கோப்பு வரும்போது

ஒரு முறை ஏற்றிய பட்டியல் பெரும்பாலும் திரும்ப வரும், கொஞ்சம் மாறி. அதனால் கட்டளைகளை டெர்மினலில் அடித்துவிட்டு மறந்துவிடாமல் ஒரு எஸ்க்யூஎல் கோப்பாக, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் (Git) கருவியில் வையுங்கள். தரவுக் கோப்பை அங்கே போடக் கூடாது. அதில் பெயர், முகவரி, போன் இருக்கிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றச் சொல்வது இந்த மாதிரித் தரவைத்தான். மெயிலிலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் கிடக்கும் நகல்களை வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

இரண்டாவது முறை ஏற்றும்போது 101 ஏற்கெனவே இருப்பார். போஸ்ட்கிரெஸில் 'ஆன் கான்ஃப்ளிக்ட்' கொண்டு, இருந்தால் புதுப்பி, இல்லாவிட்டால் சேர் என்று எழுதலாம். மைஎஸ்க்யூஎல்லின் லோடு டேட்டாவில் 'ரீப்ளேஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. அது பழைய வரியை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கும், ஆகவே கோப்பில் இல்லாத நெடுவரிசைகளின் மதிப்புகள் போய்விடும். அதற்குப் பதில் ஸ்டேஜிங்கிலிருந்து 'ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்' கொண்டு எழுதுங்கள்.

எந்த மதிப்பை எது வெல்ல வேண்டும் என்பதை ஏஜென்சிக்காரரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்: புதிய கோப்பில் போன் காலியாக இருந்தால் பழைய எண்ணை அழிப்பதா, வைத்திருப்பதா? பெரும்பாலும் வைத்திருக்கச் சொல்வார்கள். அப்போது 'கோயலெஸ்' போட்டு, புதியது 'நல்' என்றால் பழையதையே எடுத்துக்கொள்ளும்படி எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஸ்டேஜிங்கில் வைத்த தொகுதி எண்ணை உண்மையான டேபிளுக்கும் கொண்டுபோங்கள். அதோடு, புதுப்பிப்பதற்கு முன் பழைய மதிப்புகளை அதே தொகுதி எண்ணோடு ஒரு வரலாற்று டேபிளில் எழுதி வையுங்கள். தவறான கோப்பு ஏறிவிட்டது என்று தெரிய வந்தால், புதிதாகச் சேர்ந்தவற்றை அந்த எண்ணை வைத்து நீக்கிவிட்டு, மாறியவற்றை வரலாற்று டேபிளிலிருந்து மீட்டுக்கொள்ளலாம்.